எல்லாரையும் கேட்டுத்தான் முடிவெடுத்தோம்

1

சென்ற வாரம் எங்கள் தபால் பெட்டிக்குள் ஒரு நீள உறை கிடந்தது. கடவுச்சீட்டைப் புதுப்பிக்க வேண்டும் என்று கன்பராவுக்கு எழுதியிருந்தேன். அங்கேயிருந்து விண்ணப்பம் வந்திருக்கிறது. உறையின் தலையில் நம் நாட்டின் பெயர் புதிதாக நீண்டிருந்தது. முன்னால் இரண்டு அடைமொழிகள் முளைத்திருக்கின்றன. சோஷலிசத்தை விடுங்கள், அதைப்பற்றி எழுத உங்கள் பத்திரிகையில் அங்கே ஆட்கள் தாராளம். முதலாவதாக நின்ற ‘ஜனநாயக’ என்பதுதான் என் கண்ணில் குத்தியது.

மகள் சுமதி உறையை என் கையிலிருந்து பறித்து வாசித்தாள். வயது பதினொன்று. நாங்கள் தமிழில் கேட்போம், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்லுவாள். சிட்னிக்கு வந்த இரண்டாம் வருடமே வீட்டில் அப்படி ஆகிவிட்டது. அவள் பேச்சையும் இங்கத்தையவர் பேச்சையும் நான் கீழே நல்ல தமிழில் தருகிறேன். நிசத்தில் ஒருவரும் அவ்வளவு திருத்தமாகப் பேசுவதில்லை.

“சிறீலங்கா இப்போது டெமோகிரற்றிக்காம் அப்பா. அப்படியானால் முந்தி என்னவாக இருந்தது?”

குசினிக்குள் நின்ற என் மனைவி ராணி சிரித்த சிரிப்பில் அகப்பை கீழே விழுந்தது.

“சிரிக்காதே அம்மா. எங்கள் ரீச்சர் சொல்லித் தந்தவர். எல்லாரையும் கேட்டு முடிவெடுத்தால் அது டெமோகிரற்றிக். அப்பா, உங்களைக் கேட்டார்களா?”

“என்னை ஆர் கேக்கிறது?”

“தவம் மாமியை?”

அந்தப் பெயரைக் கேட்டதும் உறையைத் திருப்பி வாங்கி மேசையில் வைத்தேன். பிள்ளை கேட்டது நாட்டின் பெயரைப் பற்றி. ஆனால் வருகிற தையோடு என் தங்கை தவமலருக்குக் கலியாணமாகி மூன்று வருடம். அந்தக் கலியாணத்துக்கு நான் வந்துசேர்ந்த கதை முழுவதும் இந்த ஒரு அடைமொழியில்தான் மாட்டிக் கிடக்கிறது. பிள்ளைக்குச் சொல்ல முடியாததை உங்களுக்கு எழுதுகிறேன்.

2

ஊரில் இருந்தவரை இந்தச் சொல்லை நான் மேடையில்தான் கேட்டிருக்கிறேன். ஒலிபெருக்கியும் மாலையும் சோடாப் போத்தலும் இல்லாமல் அது வெளியே வராது. இங்கே வந்து பார்த்தால் தேநீர்க் கோப்பைக்குள் கிடக்கிறது.

கொழும்பில் நான் பொறியியலாளன். வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த கதவைத் திறந்துவிட்ட புதிதில் இங்கே வந்தேன். சிட்னியின் ஒரு பக்கமான பரமட்டாவில் வடிகால்களுக்குப் படம் வரைகிற ஒரு கந்தோரில், என் பட்டத்தைப் பரிசீலித்து முடியும்வரை என்று சொல்லிப் படவரைஞனாக எடுத்தார்கள். பரிசீலனை இன்றைக்கும் நடக்கிறது. என் பட்டம் அவ்வளவு ஆழமானது போலும்.

முதல் நாள் பிரிவுத் தலைவர் கை குலுக்கினார். “என்னை ரொன் என்று கூப்பிடு. சேர் கீர் எல்லாம் வேண்டாம். இங்கே நாங்கள் மிகவும் டெமோகிரற்றிக்.” அதே மூச்சில் என் பெயரைக் கேட்டார். தில்லைநாதன் என்றேன். இரண்டு தரம் முயன்று பார்த்துவிட்டு, “நேதன் என்று வைத்துக்கொள்வோம், எல்லாருக்கும் வசதி,” என்றார். அந்த எல்லாருக்குள் நான் இல்லை என்பது அப்போது எனக்கு விளங்கவில்லை.

அன்று தொடக்கம் அந்தச் சொல் வருகிற வசனங்களைக் காது கொடுத்துக் கேட்கத் தொடங்கினேன். விசர் வேலைதான், ஆனால் வடிகால் வரைகிறவனுக்கு வேறு என்ன பொழுதுபோக்கு? பக்கத்து வீட்டுக் கிழவி தன் நாயைப் பற்றிச் சொன்னாள்: “இவன் மிகவும் டெமோகிரற்றிக். எல்லாரையும் ஒரே மாதிரித்தான் கடிப்பான்.” இதுவரை நான் கேட்டதில் உண்மையான வசனம் அது ஒன்றுதான். கடற்கரை டெமோகிரற்றிக்காம், ஏனென்றால் பணக்காரனும் அங்கே அரைக் காற்சட்டையோடு நிற்கிறான். முற்றத்தில் இறைச்சி சுட்டுத் தின்பது டெமோகிரற்றிக்கான சாப்பாடாம். மரக்கறி சாப்பிடுகிற நான் பாணும் வெங்காயமும் தின்றுகொண்டு அந்த ஜனநாயகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் எங்கே சாப்பிடுவது என்று ரொன் எல்லாரையும் கேட்பார். எல்லாரும் ஒவ்வொன்று சொல்வார்கள். பிறகு எல்லாருமாக ரொனுக்குப் பிடித்த மதுச்சாலைக்குப் போவோம். வழியில் அவர் சொல்வார்: “நல்லது, டெமோகிரற்றிக்காக முடிவெடுத்தோம்.”

கந்தோர் வாசலுக்கு அருகே கார் நிறுத்த ஒரேயொரு நிழலான இடம் உண்டு. அது ரொனுடையது. அதற்கு மட்டும் இந்தச் சொல்லை ஒருவரும் பாவித்து நான் கேட்டதில்லை.

இதற்கு ‘அன்டெமோகிரற்றிக்’ என்று ஒரு எதிர்ச்சொல்லும் வைத்திருக்கிறார்கள். அது தோற்றவன் வாயில் மட்டும் வரும், ஆகவே அதை ஒருவரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. நமக்கு இது தெரியாததா? எங்கள் பாஷை கந்தோரில் செல்லுமா செல்லாதா என்று கொழும்பில் கை எண்ணித்தானே தீர்த்தார்கள்? கை எண்ணித் தோற்பதில் யாழ்ப்பாணத்தான் பழம் தின்று கொட்டை போட்டவன். அப்படிப்பட்டவன் பரமட்டாவில் போய் இரண்டாந்தரமும் தோற்றானே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

3

தவத்துக்குப் பதுளையில் வங்கியில் வேலை பார்க்கிற மாப்பிள்ளை பொருந்தியது. சாதகமும் படமும் இங்கே வந்தன. நல்ல இடம். அதே மாதம் அவளுக்கு ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையிலும் இடம் கிடைத்திருந்தது. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அம்மாவின் தமையன், எங்கள் மாமா, எழுதினார். நான் சம்மதம் எழுதினேன். தவம் என்ன சொல்கிறாள் என்றும் ஒரு வரி கேட்டிருந்தேன். ‘அண்ணை சொன்னாச் சரியாம்’ என்று பதில் வந்தது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

எங்களைப் பெற்ற ஐயா செத்துப் பல வருடம். நான் ஒரேயொரு தமையன். கன்னிகாதானம் செய்துகொடுக்க நானும் ராணியும் நின்றாக வேண்டும். மாமா தான் நிற்கிறேன் என்றார்தான். “தமையன் உயிரோடை இருக்கேக்கை வேறை ஆள் தாரை வாக்கிறதோ?” என்று அம்மா ஒரே பிடியாக நின்றாராம். எனக்கும் அதே எண்ணந்தான். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் என்னை வழியனுப்ப வந்தவர்கள் எல்லாரும் அழுதுகொண்டு நிற்க, “அண்ணை, உந்த ரை கோணலாய்க் கிடக்கு, வெள்ளைக்காரன் திருப்பி அனுப்பிப் போடுவான்,” என்று கிட்ட வந்து என் கழுத்துப்பட்டியை நேராக்கிவிட்டவள் தவம். அவள் கலியாணத்துக்கு நான் இல்லாவிட்டால் பிறகு எதற்கு?

நாள் தை மாதத்தில் வைத்தார்கள். இங்கே தை என்பது கொதிக்கிற கோடை, பள்ளிக்கூட விடுமுறை. எல்லாருக்கும் லீவு வேண்டும். எங்கள் பிரிவில் ஒரே நேரத்தில் இரண்டு பேர்தான் போகலாம். ஒரு இடம் ரொனுக்கு. மற்ற இடத்தை நானும் கேட்டிருந்தேன், பக்கத்து மேசைக் கீத்தும் கேட்டிருந்தான்.

ரொன் காலைத் தேநீர் நேரத்தில் எல்லாரையும் கூப்பிட்டார். “இரண்டு பேர், ஒரு இடம். டெமோகிரற்றிக்காகச் செய்வோம். இரண்டு பேரும் தங்கள் பக்கத்தைச் சொல்லட்டும், பிறகு கை தூக்குவோம்.”

கீத் எழும்பினான். மச்சானுடைய கடற்கரை வீடு, புதிதாக வாங்கின வள்ளம், பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுத்தது எல்லாவற்றையும் கூச்சமில்லாமல் அடுக்கினான். எனக்கு அவனைப் பார்க்க வெட்கமாக இருந்தது. பெரிய மனிதன் இப்படியா கெஞ்சுவான்?

என் முறை வந்தது. “எனக்கும் போனால் நல்லதுதான். ஆனால் ஒருவருக்கும் இடைஞ்சல் வேண்டாம். நீங்கள் எல்லாரும் பார்த்துச் செய்யுங்கள்,” என்றேன்.

நீங்களே சொல்லுங்கள், நம்மில் யாராவது இதைக் கேட்டால் என்ன செய்வான்? “இல்லையில்லை, என்ன விஷயம், சும்மா சொல்லும்,” என்று நெருக்குவான். நான் இன்னொருதரம் மறுப்பேன். அவன் மூன்றாந்தரம் கேட்பான். அதற்குப் பிறகுதான் தங்கச்சி கலியாணம் என்று வாய் திறப்பேன். ஒரு வாய் தேத்தண்ணி குடிப்பதற்கே நாங்கள் இவ்வளவும் செய்கிறவர்கள் அல்லவா? ஆனால் ரொன் தலையாட்டினார். “நன்றி நேதன், பெருந்தன்மை. சரி, கீத்துக்கு யார் யார்?”

கைகள் உயர்ந்தன. என் கையும்.

ஓம், நான் கீத்துக்குத்தான் கை தூக்கினேன். தனக்குத் தானே கை தூக்குகிறவன் பந்தியில் தன் இலைக்குத் தானே அள்ளிப் போடுகிறவன் என்றல்லவா எங்களை வளர்த்தார்கள். நான் அவனுக்குத் தூக்கினால் அவன் எனக்குத் தூக்குவான், அதுதானே மரியாதை என்று கீத்தைத் திரும்பிப் பார்த்தேன். பாவி, தன் கையை முகட்டுக்கு உயர்த்திப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் பிஸ்கற் தின்றுகொண்டிருந்தான்.

பிறகு எனக்கான கைகளை எண்ணினார்கள். ஒரு கையால் தோற்றேன். அந்தக் கை எது என்று நான் சொல்லத் தேவையில்லை.

“பாருங்கள், சண்டையில்லை, சச்சரவில்லை. இதுதான் டெமோகிரற்றிக்,” என்றார் ரொன். எல்லாரும் மேசைக்குத் திரும்பினோம்.

4

“அவன் தன்ர கையைத் தூக்க, நீங்களும் அவனுக்கே தூக்கினனீங்கள்?” ராணி சுளகைக் கீழே வைத்துவிட்டாள்.

“பின்னை எனக்கு நானே தூக்கிறதோ?”

“தன் கையே தனக்குதவி எண்டு உங்களுக்குப் பள்ளிக்கூடத்திலை ஒருதரும் சொல்லித் தரேல்லையே? சோணகிரி! தங்கச்சியின்ர கலியாணமெண்டு சொன்னனீங்களோ?”

“கேட்டால் சொல்லலாமெண்டு இருந்தனான்.”

“அவங்களேன் கேக்கப் போறாங்கள்? வேண்டாமெண்டவனை வில்லங்கப்படுத்த அவங்களென்ன உங்கட சித்தப்பாவே? அழுத பிள்ளைக்குத்தான் பால். நாளைக்குப் போய் அழுங்கோ.”

போனேன். ரொனின் அறையில் விஷயத்தைச் சொன்னேன். தந்தையின் இடத்தில் நின்று நான்தான் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னேன். மனிதன் நிசமாகவே வருத்தப்பட்டார். “முன்பே சொல்லியிருக்கலாமே நேதன். இப்போது என் கையில் இல்லை. டெமோகிரற்றிக்காக முடிந்த காரியம். நான் மாற்றினால் மற்றவர்களுக்கு நியாயமில்லை.” அன்றைக்குத்தான் அந்தச் சொல்லின் முழு உபயோகமும் எனக்கு விளங்கியது. அது கதவைத் திறக்கிற சாமான் என்று நினைத்திருந்தேன். அது பூட்டு.

பிறகு கீத்துக்காகக் காத்திருந்தேன். அவனாக வந்து, நீ எனக்குத் தூக்கினாயே, இந்தா நீயே போ என்பான் என்று ஒரு நப்பாசை. தினமும் நல்ல காலை என்றான், வள்ளத்தின் படத்தைக் காட்டினான், வேறு ஒன்றும் சொல்லவில்லை. அம்மாவிடமிருந்து கலியாணத்துக்குப் பலகாரம் சுட நாள் வைத்தாயிற்று என்று செய்தி வந்த அன்று ராணி எனக்குச் சோறு போட மறுத்துவிட்டாள்.

அடுத்த நாள் கீத்தின் மேசைக்குப் போனேன். மரியாதையை எல்லாம் வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன். “உன்னுடைய ஜனவரி எனக்கு வேண்டும்,” என்றேன். பிச்சை எடுப்பதுகூட இதைவிடச் சுகம்.

“எதற்கு?”

சொன்னேன். கீத் பென்சிலை வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தான்.

“அட மண்டையா! பிறகு என்ன கோதாரிக்கு எனக்குக் கை தூக்கினாய்?”

பந்தியையும் இலையையும் அவனுக்கு ஆங்கிலத்தில் எப்படி விளங்கப்படுத்துவது?

“எடுத்துக்கொள். வள்ளம் பெப்ரவரியிலும் மிதக்கும்,” என்றான். அவ்வளவுதான். ஒரு நிமிடம் ஆகவில்லை. பொய் சொல்லக்கூடாது, அவன் நல்லவன்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. ரொன் கேள்விப்பட்டு, இதையும் முறையாகச் செய்யவேண்டும் என்று மறுபடி தேநீர் நேரத்தில் எல்லாரையும் கூட்டினார். கீத் விட்டுக்கொடுத்துவிட்டான், போட்டி இல்லை, எதற்கு வாக்கு? “டெமோகிரற்றிக்காக இருக்கட்டுமே,” என்றார். எல்லாரும் தூக்கினார்கள். நானும் எனக்குத் தூக்கினேன். கை கூசியது. கை தட்டினார்கள்.

5

பலகாரச் சூட்டன்று வீடு நிறைந்த சனம். உங்களுக்குத் தெரியாததல்ல. பின்வளவில் எண்ணெய்த் தாச்சிகள், பயற்றம் பணியாரமும் சிப்பிப் பலகாரமும் கடகம் கடகமாக. ஆண்கள் பந்தலுக்குக் கீழே கதிரை போட்டு, வேகினதை ருசி பார்ப்பதும் ஒரு வேலை என்று இருந்தார்கள். அவுஸ்திரேலியா எப்படி என்று மாமா கேட்டார். நான் இந்தக் கதையை எடுத்துவிட்டேன்.

நன்றாகவே சொன்னேன். ரொன் மாதிரிக் கை குலுக்கிக் காட்டினேன், கீத் பிஸ்கற் தின்றதை நடித்துக் காட்டினேன். நாயின் டெமோகிரற்றிக்குக்குப் பெண்கள் பக்கமிருந்தும் சிரிப்பு வந்தது. மாமா கதிரையோடு விழப் பார்த்தார்.

“கேளுங்கோவன்,” என்றேன், “எல்லாத்தையும் தாங்களே முடிவெடுத்துப்போட்டு, பிறகு வந்து கேக்கிறாங்கள். கேட்டதாலை அது டெமோகிரற்றிக்காம். உலகத்திலை இப்பிடி ஒரு பம்மாத்து இருக்கோ?”

தவம் தேத்தண்ணித் தட்டத்தோடு நின்றாள். கலியாணப் பொம்பிளை வேலை செய்யக்கூடாது என்று திட்டியும் அவள்தான் கொண்டுவந்திருந்தாள். என் கதிரைக்கு முன்னால் குனிந்து, கோப்பையை நீட்டியபடி கேட்டாள்.

“அங்கை கேக்கவாவது கேட்டவங்கள்தானே அண்ணை?”

அவள் சிரிக்கவில்லை. மற்றவர்கள் அதற்கும் சிரித்தார்கள். “உவளின்ர வாயைப் பாருங்கோவன், பதுளையான் பாடு கஷ்டந்தான்,” என்றார் மாமா. நான் கோப்பையைக் கதிரைக்குக் கீழே வைத்தேன்.

‘அண்ணை சொன்னாச் சரியாம்.’ ‘நீங்கள் எல்லாரும் பார்த்துச் செய்யுங்கள்.’ இரண்டும் ஒரே வசனமல்லவா? அந்த வசனத்துக்கு என்ன பொருள் என்று உலகத்தில் ஒருவனுக்குத் தெரியும் என்றால் அது எனக்குத்தானே தெரிந்திருக்க வேண்டும்? என்னை இரண்டாந்தரம் கேட்கவில்லை என்று ரொனை எத்தனை நாள் சபித்திருப்பேன். நான் அவளை எத்தனை தரம் கேட்டேன்?

எழும்பிப் பின்வளவுக்குப் போனேன். கிணற்றடியில் கோப்பைகள் கழுவிக்கொண்டிருந்தாள்.

“தவம். உனக்கு விருப்பமோ?”

“என்னது?”

“கலியாணம். அந்தக் கலாசாலை இடம்...”

“அது எனக்கு அடுத்ததாய் நிண்ட தனலட்சுமிக்குக் குடுத்திட்டினம்.” ஒரு கோப்பையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். “அங்கை எண்ணெய் கொதிக்குது, சனம் வந்திட்டுது, நீங்கள் இப்ப வந்து கேக்கிறியள்.”

“இல்லை, சொல்லு.”

என்னை நேரே பார்த்தாள். “அண்ணை சொன்னாச் சரி.”

அது அவளுடைய முதலாவது மறுப்பு. இன்னொருதரம் கேட்டிருக்க வேண்டும், பிறகு இன்னொருதரம். அதுதான் எங்கள் வழக்கம், அதைப் பற்றித்தான் இவ்வளவு நேரமும் உங்களுக்குப் பெருமையடித்தேன். ஆனால் உள்ளேயிருந்து மாமா கூப்பிட்டார், சரி என்று நானும் போய்விட்டேன்.

மணவறையில் நானும் ராணியும் நின்றோம். தாரை வார்த்துக் கொடுத்தேன். ஒரு குறையும் இல்லை. இப்போது அவள் பதுளையிலிருந்து எழுதுகிறாள், எல்லாரும் சுகம் என்று. வேறு ஒன்றும் எழுதுவதில்லை. நானும் இரண்டாந்தரம் கேட்பதில்லை.

சுமதி கேட்ட கேள்விக்கு இன்னும் நான் பதில் சொல்லவில்லை. நேற்றும் நினைவுபடுத்தினாள். ரொனைப் பற்றிச் சொன்னால் சிரிப்பாள். நாட்டைப் பற்றிச் சொன்னால், அப்படியா என்றுவிட்டுத் தொலைக்காட்சிக்குப் போவாள். மற்றதை எப்படிச் சொல்வது? தாலி கட்டும்போது நாதஸ்வரம் உரத்தது, ஐயர் கை காட்டினார், சபை முழுவதும் கை தூக்கி அட்சதை போட்டது. மாமாவின் கை, அம்மாவின் கை, ராணியின் கை, என் கை. தூக்காத கை என்று பார்த்தால் தவத்தின் கைகள் மட்டுந்தான். அவை மடியில் கிடந்தன.